நான்காம் தீர்மானத்து இணைப்பு

பேச்சியம்மாளுக்குச் சேலையை முந்தானையிலிருந்து காட்டத் தெரியாது. தி. நகரில் நாலு மாடி ஜவுளிக் கடை ஒன்றில் பதினாறு வருஷமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறாள். மற்ற பெண்கள் முந்தானையை வீசி விரித்து, "அக்கா, இந்தக் கலர் உங்களுக்குன்னே நெஞ்சது" என்பார்கள். இவள் முதலில் உள்பக்கத்தைத் திருப்புவாள். "இங்கன நூல் விட்டிருக்கு, பாத்துக்கிடுங்க. சம்மதம்னா மேக்கொண்டு பேசுவோம்" என்பாள். சூப்பர்வைசர் மூன்று முறை கண்டித்தார். நாலாவது முறை, "வியாபாரத்தைக் கெடுக்கன்னே வந்தியா?" என்று கத்தினார். "வீட்ல போயி திருப்பிப் பாத்துட்டு நம்ம மூஞ்சில வந்து எறிஞ்சா மட்டும் வியாபாரம் நல்லாருக்குமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த சேலையையும் திருப்பினாள். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் "அந்தத் தென்காசிப் பொண்ணு எங்கே?" என்று அவளைத்தான் தேடினார்கள். அதனால் வேலை தங்கியது.

அவளைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை? அவள் ஏமாந்த ஒரே இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேனா பிடித்திருந்தவள் நான். அந்த யோக்கியதைதான். என் பெயர் ஜானு. அபிராமபுரத்தின் ஓரத்தில் இருக்கும் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் டீச்சர். எட்டாம் வகுப்பு வரைக்கும் உண்டு, நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். பள்ளியை நடத்துவது ஓர் அறக்கட்டளை. அறக்கட்டளையின் பெயரை எழுத மாட்டேன். பயம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

பேச்சியம்மாளின் மகள் சிந்து எங்களிடம் ஏழாவது படித்தாள். புருஷன் மகேஷ் அதே கடையின் குடோனில் மூட்டை பிரிக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி தேடினோம். பெற்றோரில் ஒருவர்தான் தலைவியாக வேண்டும் என்று விதி. தலைமையாசிரியை ஆரோக்கியமேரி கேட்டதும் அத்தனை அம்மாக்களும் தரையைப் பார்த்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் கையைத் தூக்கினாள்.

"தலைவின்னா என்ன வேலை டீச்சர்?"

"மாசம் ஒரு கூட்டம்மா. வந்து கையெழுத்துப் போடணும், அவ்ளோதான்."

"படிச்சிட்டுப் போடணுமா, படிக்காமப் போடணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஆரோக்கியமேரியும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே அவள் தலைவியாகிவிட்டாள்.

போன ஜனவரியில் அறக்கட்டளைக்கு எதிர்காலத்தைப் பற்றிக் கவலை வந்தது. செயலாளர் ஆனந்தகுமார், 'எதிர்காலக் கல்வி 2035: வியூகத் திட்டம்' என்று ஒன்றை எழுதுவதற்கு நிரஞ்சன் என்கிற ஆலோசகரை அழைத்துவந்தார். நல்ல பையன்தான், சிரித்த முகம். பெற்றோரையெல்லாம் சத்துணவுக் கூடத்தில் உட்காரவைத்து ஆளுக்கு ஐந்து மஞ்சள் சீட்டுக் கொடுத்து, "உங்க கனவை எழுதி இந்தச் சுவர்ல ஒட்டுங்க" என்றான். குல்ஷன் என்கிற அம்மா, "பொம்பளைப் புள்ளைங்க கக்கூஸுக்குத் தாப்பாள்" என்று எழுதி ஒட்டினார். ஆட்டோ ஓட்டும் டில்லிபாபு "நெட்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். எங்களிடம் ஐந்து கம்ப்யூட்டர் இருந்தது, நெட் இணைப்பு இல்லை. இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

பேச்சியம்மாள் எழுதவில்லை. "வியூகம்னு போட்டிருக்கீங்களே தம்பி, வியூகம்னா உள்ள போனவன் வெளிய வர முடியாதுல்லா?" என்றாள். நிரஞ்சன் சிரித்தான். நானும் சிரித்தேன். அப்போது சிரித்திருக்கக் கூடாது.

பிப்ரவரியில் திட்டம் புத்தகமாக வந்தது. ஆங்கிலத்தில் அறுபத்து நாலு பக்கம், வழவழ காகிதம். அட்டையில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. வேறு ஏதோ ஊர்ப் பிள்ளைகள் கண்ணில் பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். குல்ஷனின் தாப்பாள் உள்ளே 'பாலின உணர்வுள்ள பாதுகாப்பான சுகாதாரச் சூழல்' ஆகியிருந்தது. தாப்பாள் மட்டும் இன்றுவரை வரவில்லை. பெற்றோருக்காக நாலு பக்கத் தமிழ்ச் சுருக்கம் தனியாகக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் குழுவில் தீர்மானங்கள் நிறைவேற்றினோம். நான் ஆசிரியர் பிரதிநிதி. எழுத்து நன்றாக இருக்கும் என்று தீர்மானப் புத்தகத்தையும் என் தலையில் கட்டியிருந்தார்கள்.

நாலாவது தீர்மானத்தை நான்தான் உரக்கப் படித்தேன். "தொலைநோக்குத் திட்டத்தின்படி வரும் கல்வியாண்டு முதல் இணைப்புப் பணிகளை மேற்கொள்ள இக்குழு ஒருமனதாக ஒப்புதல் அளிக்கிறது."

டில்லிபாபு துள்ளி எழுந்தார். "வர்தா டீச்சர்? நெசமாவே கனெக்சன் வர்தா? ரெண்டு வருசமா சொல்லிக்கினு கீறாங்க, இப்பதான் ஒரு வயிக்கு வந்துது!"

எல்லாரும் கைதட்டினார்கள். பேச்சியம்மாள் தமிழ்ச் சுருக்கத்தை எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். ஆனந்தகுமார் எங்களை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்குத் தெரியும். நாங்கள் எதற்குக் கைதட்டுகிறோம் என்று நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். 'பள்ளி இணைப்பு நடவடிக்கை காரணமாக இவ்வளாகத்தில் முதல் வகுப்புச் சேர்க்கை நடைபெறாது. கொட்டிவாக்கம் வளாகத்தை அணுகவும்.'

கொட்டிவாக்கத்தில் அறக்கட்டளைக்கு இன்னொரு பள்ளி இருக்கிறது. எங்கள் பள்ளியை அதோடு இணைக்கிறார்களாம். இந்த இடம் 'எதிர்காலக் கற்றல் மையம்' ஆகுமாம். பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்களாம். எங்கள் பிள்ளைகள் பூங்காவைத் தாண்டி, இஸ்திரி வண்டியைத் தாண்டி நடந்து வருகிறவர்கள். அவர்களுடைய அம்மாக்கள் இதே தெருக்களின் வீடுகளில் வேலை செய்கிறார்கள். கொட்டிவாக்கம் போக அடையாறு தாண்டி, திருவான்மியூர் தாண்டி, அந்தப் பாழாய்ப் போன கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்க வேண்டும். ஆறு வயசுக் குழந்தையை யார் கொண்டுபோய் விடுவது? பத்து மணிக்குள் மூன்று வீடு பெருக்கியாக வேண்டிய அம்மாவா?

அன்று காலை கேட் வாசலில் டில்லிபாபு பேச்சியம்மாளை மடக்கினார். "இன்னா பேச்சிக்கா, பள்ளிக்கூடத்தையே தாரை வாத்துட்டியே! மொத கையெய்த்து உன்னிதுதானே கீது?"

குல்ஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். வகுப்பில் சிந்துவிடம் ஒரு பெண், "உங்கம்மாதான் நம்ம ஸ்கூலை மூடிட்டாங்களாமே?" என்று கேட்டுவிட்டது. அந்தப் பிள்ளை மத்தியானம் சோற்றைத் தொடவில்லை.

சாயங்காலம் கடையில் பர்மிஷன் போட்டுவிட்டு, யூனிபார்ம் சேலையோடேயே பேச்சியம்மாள் ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"டீச்சர், நீங்க தமிழ் டீச்சர்லா?"

"ஆமாம்மா."

"அப்ப சொல்லுங்க. இணைப்புன்னா என்ன?"

கடிதத்துக்குக் கீழே 'இணைப்பு: இரண்டு தாள்' என்று போடுகிறோமே, அது ஓர் இணைப்பு. கம்பி வழியாக வருவது ஓர் இணைப்பு. இரண்டை ஒன்றாக்கி ஒன்றை ஒழித்துக் கட்டுவதும் இணைப்புதான். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு 'ஒரு சொல் பல பொருள்' நடத்துகிறேன். கேள்வித்தாளில் மூன்று மதிப்பெண்ணுக்குக் கேட்கிறேன். என் வாயால் படித்து, என் கையால் எழுதிய சொல்லில் கோட்டை விட்டேன். அந்த ஆங்கிலப் புத்தகத்தின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் 'மெர்ஜர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. புத்தகம் இரண்டு மாதமாக என் மேஜையில்தான் கிடந்தது. நான் புரட்டவே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றாள்.

"பதினாறு வருசமா ஊரார் சேலையெல்லாம் திருப்பிப் பாத்துக் குடுத்தேன். எம்புள்ள படிக்க பள்ளிக்கூடத்தை மட்டும் முந்தானை பாத்து வாங்கிட்டேன் டீச்சர்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. அவளுக்கு வந்தது கோபம்தான்.

"நீங்க எதுக்கு அழுவுதீங்க? அழுதா எழுதினது அழிஞ்சிருமா? தலைவி நெனச்சா கூட்டம் போடலாம்லா? போடுங்க. அந்தச் செயலாளரு வரணும், அந்தச் சிரிச்ச மூஞ்சித் தம்பியும் வரணும்."

ஆரோக்கியமேரி கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஒரே வருஷம். "ஜானு, நோட்டீஸ்ல உன் எழுத்து இருந்தா உன்னைத்தான் பிடிப்பாங்க" என்றார். வீட்டுக்கு வந்தால் என் கணவர் பத்ரிநாராயணன் அதற்கு மேல். "நோக்கு எதுக்கு இந்த வம்பு? ஆனது ஆயிடுத்து. வாயை மூடிண்டு சர்வீஸை முடிச்சுட்டு ஆத்துக்கு வர வழியைப் பாரு."

"ஏன்னா, வாயை மூடிண்டு இருந்ததாலதான் இப்படி ஆச்சு" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து நோட்டீஸ் எழுதினேன். இதுவரை நான் எழுதியதிலேயே அழகான எழுத்து அதுதான்.

மே மாதம் பதினோராம் தேதி, அதே சத்துணவுக் கூடத்தில் கூட்டம். மூன்று காற்றாடியில் ஒன்றுதான் சுற்றியது. திட்டுவதற்காகவே பெற்றோர் ஐம்பது பேர் வந்திருந்தார்கள். யாரைத் திட்டுவது என்று மட்டும் அவர்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆனந்தகுமார் நிதானமாக ஆரம்பித்தார்.

"பாருங்கம்மா, யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தல. நீங்களேதான் ஒருமனதா ஒப்புதல் குடுத்தீங்க. தீர்மானம் நாலு. கையெழுத்து இருக்கு."

"இருக்கு சார். என் கையெழுத்துதான், இல்லைன்னு சொல்லல" என்று பேச்சியம்மாள் எழுந்தாள். "ஆனா அதுல எதோட எதை இணைக்கதுன்னு எழுதியிருக்கா? ஜானு டீச்சர், படிங்க."

படித்தேன். இரண்டு முறை படிக்கச் சொன்னாள், படித்தேன். கொட்டிவாக்கம் என்ற பேரே அதில் இல்லை.

"திட்டத்துல தெளிவா இருக்கும்மா" என்றான் நிரஞ்சன்.

"திட்டம் இங்கிலீசுல இருக்கு தம்பி. நான் கையெழுத்துப் போட்டது தமிழ்ல."

டில்லிபாபு விசிலடித்தார். ஆரோக்கியமேரி அவரை முறைத்தார், ஆனால் முறைப்பில் பலம் இல்லை.

"நாங்க கேட்டது நெட்டு. அந்தச் செவத்துல ஒட்டினது நெட்டு. கைதட்டுனது நெட்டுக்கு. நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க சார்? அப்பவே 'ஏம்மா, இது அந்த இணைப்பு இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? இப்ப நான் சொல்லுதேன். நாலாவது தீர்மானம் அப்படியே இருக்கட்டும், அதை ரத்து பண்ணச் சொல்லல. அதுப்படியே செய்யுங்க. நெட்டு குடுங்க."

நிரஞ்சனுக்கு முகம் சிவந்துவிட்டது. பாவம், அவன் எழுதிய தமிழ் அல்ல அது, யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்தது. "மேடம், 2035-ல உலகமே மாறிடும். உங்க குழந்தைக்குப் பெரிய வளாகம், ரோபோட்டிக்ஸ் லேப் எல்லாம் கிடைக்கணும்னுதான்..." என்று இழுத்தான்.

"ரெண்டாயிரத்து முப்பத்தஞ்சுல எம்மவளுக்கு இருபத்திரெண்டு வயசு தம்பி. அதுக்கு முன்னாடி அவ எட்டாங்கிளாஸ் முடிக்கணும்லா? பஸ்ஸுல தனியா போக விடமாட்டேன்னு அவ அப்பா இப்பவே சொல்லிட்டாரு. இங்க பாதிப் பிள்ளைக நிலமை அதுதான். வருங்காலத்துக்குப் பிளான் போடுதீங்க, சந்தோசம். எங்க பிள்ளைகளக் கழிச்சிட்டுப் போடுதீங்களே, அது யாரோட வருங்காலம்னு கேக்கேன்."

குல்ஷன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். அன்று ஐந்தாவதாக ஒரு தீர்மானம் எழுதினேன். 'நான்காம் தீர்மானத்தில் இணைப்பு என்ற சொல் இணைய இணைப்பை மட்டுமே குறிக்கும். இப்பள்ளியை வேறு எப்பள்ளியோடும் சேர்ப்பதைக் குறிக்காது.' ஒருமுறைக்கு இருமுறை படித்துக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகப் பொருள் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன். சூடு கண்ட பூனை நான்.

ஆனந்தகுமார் கோபப்படவில்லை. போகிற போக்கில், "சரி, இணைப்பை நிறுத்தி வைக்கிறோம். ஆனா ஒண்ணாங்கிளாஸ் சேர்க்கை கொட்டிவாக்கத்துலதான். அது நிர்வாக முடிவு" என்றார்.

எல்லாரும் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷமாகக் கலைந்தார்கள். டில்லிபாபு எல்லாருக்கும் டீ சொன்னார். பேச்சியம்மாள் டீயைத் தொடவில்லை.

"வேருல வெந்நிய ஊத்திட்டு மரத்தை வெட்ட மாட்டேன்னு சொல்லிட்டுப் போறாரு டீச்சர்" என்றாள். "இந்த வருசம் ஒண்ணாங்கிளாஸ் இல்லன்னா அடுத்த வருசம் ரெண்டாங்கிளாஸ் இருக்காது. அப்புறம் பிள்ளைகளே இல்லியேன்னு அவரே பூட்டிருவாரு. நாம கேக்கவும் முடியாது."

எவ்வளவு சரி! தமிழ் டீச்சருக்கு உறைக்காதது சேலைக்கடைக்காரிக்கு உறைத்தது.

வார லீவு நாளில் அவள் முதல் வகுப்புக்குப் பிள்ளை தேடித் தெருத் தெருவாகப் போனாள். நானும் கூடப் போனேன். எனக்கு அந்தத் தெருக்களில் பேர் தெரியாத வீடு கிடையாது, ஆனால் பின்வாசல் வழியாக நான் நுழைந்ததே இல்லை. வாட்ச்மேன் குடும்பங்கள், கட்டட வேலைக்கு வந்து ஷெட்டில் தங்கியிருப்பவர்கள், பூக்கட்டும் அம்மாக்கள் என்று ஒவ்வொருவரிடமும் பேச்சியம்மாள் ஒரே மாதிரித்தான் பேசினாள். நல்லதை முதலில் சொல்ல மாட்டாள்.

"கக்கூஸுக்குத் தாப்பாள் கெடையாது, சொல்லிட்டேன். கம்ப்யூட்டர் இருக்கு, நெட்டு கெடையாது. மூடப் பாக்காங்க, அதையும் சொல்லிட்டேன். ஆனா டீச்சருங்க நல்லா சொல்லிக் குடுப்பாங்க, நடந்தே போயிறலாம். சம்மதம்னா புள்ளைய அனுப்புங்க."

இப்படிச் சொன்னால் யார் அனுப்புவார்கள் என்று எனக்கு ஒரே எரிச்சல். பதினேழு பேர் அனுப்பினார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, மணி ஒன்பதே காலுக்குப் பதினேழு குழந்தைகளும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அழுதார்கள். ஒரு பையன் புது ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, யாரும் தொட முடியாதபடி கட்டிப் பிடித்திருந்தான். ஆரோக்கியமேரி அறைக்குள்ளேயே இருந்தார். சேர்க்கைப் பதிவேடு அவர் மேஜையில் மூடிக் கிடந்தது.

"எனக்கு எழுத்துல உத்தரவு வந்திருக்கு பேச்சியம்மா" என்றார். "என்னால எழுத முடியாது. என்னைப் புரிஞ்சுக்கோ."

"வாசல்ல வந்த பிள்ளைய வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்குன்னு ஜானு டீச்சர் சொன்னாங்க. உங்கள எழுதச் சொல்லல டீச்சர். யாரும் எழுதினா தடுக்காதீங்க, அது போதும்" என்றாள் பேச்சியம்மாள். பிறகு என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள்.

எனக்குப் பயம் இல்லை என்று எழுதினால் பொய். ஆத்தில் என்ன சொல்லப் போகிறேன், பென்ஷன் என்னாகும், எல்லாம் ஓடியது. பதிவேட்டை இழுத்துப் பிரித்தேன். புதுப் பக்கத்தில் தேதியைப் போட்டேன். முதலில் வந்தது குல்ஷனின் சின்னப் பெண். பெயர் ஸஹானா. பிறந்த தேதி, தாய்மொழி, தகப்பன் தொழில் எல்லாம் நிரப்பினேன். 'சேர்க்கப்படும் வகுப்பு' என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். அந்த ஒன்று கோணலாக விழுந்தது.

மேஜையில் இருந்த ஆரோக்கியமேரியின் செல்போன் அடித்தது. யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள். ஆனந்தகுமார்தான். ஆரோக்கியமேரி எடுத்தார், கேட்டார், போனைப் பேச்சியம்மாளிடம் நீட்டினார். குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்னம்மா நடக்குது அங்க? குழந்தைங்களைச் சேர்க்க உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

"நீங்கதான் சார். வாசல்ல போர்டு எழுதி மாட்டியிருக்கீங்க. தலைவி, பேச்சியம்மாள்னு."

"அது சும்மா விதிக்காகப் போடுறதும்மா! நீங்க நிர்வாகம் கிடையாது. நான் எல்லாரையும் சஸ்பெண்ட் பண்ணிடுவேன், தெரியுமில்ல?"

"டீச்சர்மார பண்ணலாம் சார். என்னைய எப்படிப் பண்ணுவீங்க? நான் அம்மால்லா."

மறுமுனையில் அவர் கத்திக்கொண்டேயிருந்தார். பேச்சியம்மாள் போனை அணைக்கவில்லை. அவருக்கும் கேட்கட்டும் என்று மேஜைமேல் மல்லாத்தி வைத்துவிட்டு, வராந்தாப் பக்கம் திரும்பி, ஷூவை அணைத்துக்கொண்டிருந்த பையனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

"எழுதுங்க டீச்சர்" என்றாள். "இவன் பேரு இளமாறன்."